மட்டம் ஆடினால் எண்களைத் தொடாதீர்கள்: செயன்முறைக் கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்தில் அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

ஒவ்வொரு வருடமும் இரசாயனப் பொறியியல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிறார்கள். தண்ணீர்த் தாங்கியில் மட்டம் ஆடுவதைக் கண்டதும் அவர்களின் கை போவது ஒரே இடத்துக்குத்தான்: கொன்ட்ரோலரில் உள்ள பீ, ஐ, டீ எண்கள், அதாவது மட்டம் விலகினால் வால்வை எவ்வளவு திருப்புவது என்று அந்தக் கருவிக்குச் சொல்லும் பெருக்கம், தொகையீடு, வகையீடு. "பெருக்கத்தைக் கொஞ்சம் குறைச்சாச் சரி வரும் சேர்." குறைப்பார்கள். சரி வராது. கூட்டுவார்கள். வால்வு படபடவென்று அடிக்கும். மூன்று மணித்தியால வகுப்பில் பாதிக்கு மேல் இப்படியே போய்விடும்.

கொழும்பில் இந்த வகுப்பை நடத்திவரும் காலத்தில் திரும்பத் திரும்ப ஏறத்தாழ ஒரே கோளாறுகளைத்தான் திருத்தி வந்திருக்கிறேன். எண்களில் இருந்தவை கொஞ்சம்தான். மற்றவை வால்வில் இருந்தன, கம்பியில் இருந்தன, குழாய்க்குள் அடைபட்ட காற்றில் இருந்தன. சில, நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கிலேயே இருந்தன. புதிதாகப் போதனாசிரியராகச் சேரும் தம்பி தங்கச்சிமார் முதல் வாரமே தடுமாறாமல் இருக்க இதை எழுதுகிறேன். ஏன் அப்படி நடக்கிறது என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. எதை, எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே நிறுத்தி ஆளைக் கூப்பிடுவது என்பது மட்டும் இங்கே.

எங்களிடம் இருப்பது 50 சென்ரிமீற்றர் அளவுகோல் ஒட்டிய ஒரு தாங்கி, அடியில் அமுக்க வித்தியாசத்தை அளந்து மட்டத்தை மின் சைகையாக அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டர், காற்றால் இயங்கும் வால்வு, ஒரு கொன்ட்ரோலர். பக்கத்தில் மின்சூடாக்கி பொருத்திய இன்னொரு தாங்கி. உங்களிடமும் ஏறக்குறைய இதுதான் இருக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மனுவல்

கொன்ட்ரோலரை மனுவலுக்கு, அதாவது தானாக இயங்காமல் நம் கைக்கு, மாற்றுங்கள். வெளியீட்டை (வால்வுக்குப் போகும் கட்டளையை) ஓரிடத்தில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள்.

எங்கள் தாங்கியில் தண்ணீர் தன் பாரத்திலேயே வெளியேறுவதால் மட்டம் மெல்ல மெல்ல ஓரிடத்தில் அமரும். வெளியேற்றமும் பம்ப் மூலம் என்றால் மட்டம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். அது கோளாறு இல்லை. நகர்வை விட்டுவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இந்த ஐந்து நிமிடம் பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை. சும்மா நிற்பது வேலை செய்யாமல் இருப்பது போலத் தோன்றும். ஆகவே ஒருவரிடம் கொப்பியைக் கொடுத்து, 30 செக்கனுக்கு ஒரு தடவை மட்டத்தை அளவுகோலில் பார்த்துக் கையால் எழுதச் சொல்லுவேன். எழுதும் கை திருகாது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் மசகெண்ணெயைக் கையாளும் வசதி உண்டு. அப்படியான இடத்தில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு, லூப்பை (ட்ரான்ஸ்மிட்டர், கொன்ட்ரோலர், வால்வு சேர்ந்த சுற்றை) மனுவலில் வைத்துப் பார்க்கும் பொறுமை இங்கேயே பழகியிருக்க வேண்டும்.

## அறிகுறி: மட்டம் ஊசல் போல ஏறி இறங்குகிறது

### மனுவலுக்கு மாற்றியும் ஆட்டம் தொடர்கிறது

அப்படியென்றால் ஆட்டம் வெளியிலிருந்து வருகிறது. கொன்ட்ரோலரை மறந்துவிடுங்கள்.

முதலில் கீழ்த் தாங்கியைப் பாருங்கள். தண்ணீர் குறைந்து பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சினால் சத்தமே சொல்லிவிடும், கரகரவென்று. தண்ணீரை நிரப்பினால் முடிந்தது. திரும்பி வரும் குழாயின் நுனி தண்ணீருக்கு மேலே தொங்கி நுரை கிளப்பினாலும் இதே கதைதான், நுனியை அமிழ்த்துங்கள்.

அடுத்தது பக்கத்துக் குழு. ஒரே பிரதான குழாயில் இரண்டு தாங்கிகள் இருந்தால் அவர்களுடைய வால்வு திறக்கும்போதெல்லாம் உங்களுக்கு வரும் ஓட்டம் குறையும். அவர்களையும் ஐந்து நிமிடம் மனுவலுக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் மட்டம் அமர்ந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு லூப்பைப் பக்கத்து லூப் எப்படிக் கெடுக்கும் என்பதை அன்றைக்கே காட்டிவிடலாம். அடுத்த தவணைப் பாடத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டும் இல்லையென்றால் பம்ப்பில்தான் ஏதோ. அதைக் கழற்றுவது நம் வேலை அல்ல. தொழினுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள்.

### மனுவலுக்கு மாற்றியதும் ஆட்டம் நின்றுவிடுகிறது

ஆட்டம் லூப்புக்குள்ளேயே பிறக்கிறது. இப்போதும் எண்களைத் திருக வேண்டாம். வரிசை இதுதான்.

அலகு. காசு செலவில்லாத சோதனை, ஆனால் அதிகம் அகப்படும் பிழை. புத்தகத்தில் பெருக்கம் 2 என்று இருக்கும். கொன்ட்ரோலர் கேட்பதோ விகிதப் பட்டையாக இருக்கலாம். நூறைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது பட்டை. பெருக்கம் 2 என்றால் பட்டை 50 சதவீதம். பிள்ளை அந்த இடத்தில் 2 என்றே அடித்தால் பெருக்கம் 50 ஆகிவிடும், வால்வு வெறி பிடித்தது போல அடிக்கும். தொகையீட்டு நேரமும் அப்படித்தான். சிலது நிமிடத்தில் கேட்கும், சிலது செக்கனில், இன்னும் சிலது நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று தலைகீழாகக் கேட்கும். கைநூலைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பிள்ளையே வாசிக்கட்டும்.

வால்வு ஒட்டிக்கொள்கிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். நான் பார்த்த ஆட்டங்களில் மிகவும் ஏமாற்றுவது இதுதான்.

சோதனை எளிது. மனுவலில் வெளியீட்டை 40 சதவீதத்தில் நிறுத்துங்கள். வால்வுத் தண்டில், நுகத்தின் (தண்டைச் சுற்றி நிற்கும் சட்டத்தின்) விளிம்போடு சேரும் இடத்தில், வெள்ளைப் பேனாவால் மெல்லிய கோடு போடுங்கள். இப்போது ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள்: 41, 42, 43. ஒவ்வொரு படியிலும் பத்து செக்கன் நின்று கோட்டைப் பாருங்கள். பிறகு அதே போல இறக்குங்கள்.

ஒரு முறை மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு தங்கச்சி தொலைபேசி வெளிச்சத்தைத் தண்டில் அடித்தபடி குந்தியிருந்து எண்ணிக்கொண்டிருந்தா. 41, 42, 43, 44, 45. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. 46க்கு வந்ததும் டக்கென்று ஒரு சத்தம். கோடு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தாவியது. "சேர், இது கேட்டதைச் செய்யேல்ல. சேர்த்து வச்சு ஒரேயடியாச் செய்யுது" என்றா. ஒட்டும் வால்வுக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை. இப்போதும் வகுப்பில் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வரைபடத்திலும் இது தெரியும். எண்களால் வரும் ஆட்டம் வழவழவென்று அலை போல இருக்கும். ஒட்டும் வால்வில் கொன்ட்ரோலரின் வெளியீடு வாள் பல் போல ஏறி இறங்கும். ஓட்டமானி இருந்தால் ஓட்டம் படிக்கட்டாகத் தாவும்.

திருத்தம், மலிவிலிருந்து: காற்று அமுக்கத்தைப் பாருங்கள். 3 முதல் 15 பீஎஸ்ஐ வரை வாங்கும் வால்வுக்கு வழக்கமாக 20 பீஎஸ்ஐ வழங்கல் இருக்க வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்திருந்தால் வால்வு சோம்பும். அடுத்து, தண்டைச் சுற்றியுள்ள பொதியின் சுரை. ஒழுகுகிறது என்று யாரோ ஒருவர் இறுக்கியிருப்பார். அதைத் தொழினுட்ப உத்தியோகத்தர் கால் சுற்றுத் தளர்த்திப் பார்க்கட்டும். அதற்கும் மசியாவிட்டால் வால்வைக் கழற்றிப் பொதியை மாற்ற வேண்டும். அது வெளி ஆள் வேலை, செலவும் உண்டு. அதுவரை அந்த வால்வில், சரியான எண்களைத் தேடும் டியூனிங் வகுப்பு நடத்தாதீர்கள். ஒட்டும் வால்வில் கண்டுபிடித்த எந்த எண்ணும் பொய் எண்தான்.

எண்கள். இவ்வளவும் பார்த்த பிறகு, சரி, இப்போது தொடலாம். சீக்லர், நிக்கல்ஸ் இருவரும் 1942இல் தந்த விதியைத்தான் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: பீஐ கொன்ட்ரோலருக்கு, ஆட்டம் தணியாமலும் வளராமலும் நிற்கும் பெருக்கத்தின் 0.45 மடங்கு, தொகையீட்டு நேரம், ஆட்டக் காலத்தை 1.2ஆல் வகுத்தது. அது ஒரு தொடக்கப் புள்ளி. கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட. பெருக்கத்தைப் பாதியாக்கித் தொடங்கினால் பெரும்பாலும் நிம்மதி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தாங்கி போல மெதுவாக நிரம்பும் லூப்பில் ஆட்டம் பல நிமிடக் கணக்கில் சோம்பலாக இருந்தால், பெருக்கத்தைக் குறைப்பது இன்னும் மோசமாக்கும். அங்கே பெருக்கத்தைக் கூட்ட வேண்டும், அல்லது தொகையீட்டு நேரத்தை நீட்ட வேண்டும். ஆடினால் குறை என்று ஒரு முறை பழகிவிட்ட பிள்ளை இதை நம்பாது. இரண்டையும் செய்து காட்டி வரைபடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

## அறிகுறி: செட்பொயின்ட்டுக்கு (நாம் கேட்ட மட்டத்துக்கு) கிட்ட வந்து அப்படியே நின்றுவிடுகிறது

வெளியீட்டைப் பாருங்கள்.

வெளியீடு நூறிலோ சுழியத்திலோ முட்டி நின்றால் கொன்ட்ரோலர் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. கைவால்வு பாதி மூடியிருக்கலாம், வடிகட்டியில் பாசி அடைத்திருக்கலாம், அல்லது கேட்ட மட்டம் அந்தப் பம்ப்பால் முடியாத மட்டமாக இருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

வெளியீடு நடுவில் எங்காவது நின்றால், தொகையீடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் விகிதக் கட்டுப்பாட்டில் இடைவெளி விழத்தான் செய்யும்; கோளாறு ஒன்றுமில்லை. இதை விளக்க நான் சமன்பாடு எழுதுவதில்லை. வீட்டு மேல் தாங்கியில் மிதவை வால்வு இருக்கிறதே, குழாய்களை எல்லாம் திறந்துவிட்டால் மட்டம் எங்கே நிற்கும் என்று கேட்பேன். கொஞ்சம் கீழே. ஏன்? மிதவை இறங்கினால்தான் வால்வு திறக்கும், இறங்கியே இருந்தால்தான் திறந்தே இருக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கிணற்று மோட்டரோடும் மேல் தாங்கியோடும் வளர்ந்தவர்கள்.

## அறிகுறி: ஓட்டோவுக்கு (கொன்ட்ரோலர் தானாக இயங்கும் நிலைக்கு) மாற்றியதும் வால்வு ஒரே பக்கமாக ஓடுகிறது

மட்டம் கூடக் கூட வால்வும் திறந்துகொண்டே போகிறது, தாங்கி வழியப் போகிறது. உடனே மனுவல். செயற்திசை பிழை.

உள்வரும் குழாயில் வால்வு இருந்தால் மட்டம் கூடும்போது அது மூட வேண்டும். வெளியேறும் குழாயில் இருந்தால் திறக்க வேண்டும். அதற்கு மேல், காற்று போனால் மூடும் வால்வா, திறக்கும் வால்வா என்பது. இந்த இரண்டு கேள்விக்கும் விடையைத் தாளில் எழுதாமல் யாரையும் ஓட்டோ பொத்தானைத் தொட விடாதீர்கள். திசை சரியாக இருந்தும் மாற்றும் கணத்தில் மட்டும் ஒரு தாவல் வந்தால், மாற்றும் முன் செட்பொயின்ட்டை அப்போதைய மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அநேகமாகப் போய்விடும்.

## அறிகுறி: திரையில் ஓர் எண், கண்ணில் வேறோர் எண்

கண்ணை நம்புங்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் திரையை நம்பும் தலைமுறை. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் ரெக்சாஸ் சிற்றி சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு கோபுரம் அளவுக்கு மீறி நிரம்பிக்கொண்டிருந்தபோது, மட்டக் கருவி மட்டம் மெல்லக் குறைவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் பார்க்கலாம் என்றால் அதுவும் அழுக்கேறித் தெரியாமல் இருந்தது. வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். அந்த நிகழ்வை வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் அளவுகோலைத் துடைக்கச் சொல்லுவேன்.

சோதனைகள்: தாங்கியை 25 சென்ரிமீற்றருக்கு நிரப்புங்கள். 0 முதல் 50 வரை அளவிட்டிருந்தால் ட்ரான்ஸ்மிட்டர் 12 மில்லிஅம்பியர் தர வேண்டும். வெறுமையில் 4, நிறைந்தால் 20. மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துப் பாருங்கள்.

மீட்டர் 12 காட்டித் திரை வேறு காட்டினால் ட்ரான்ஸ்மிட்டர் நல்லது. கொன்ட்ரோலரில் யாரோ வீச்சை மாற்றியிருக்கிறார்கள்.

மீட்டரில் சுழியம் என்றால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது முனை கழன்றிருக்கிறது, அல்லது 24 வோல்ற் வரவில்லை. 3.6 அல்லது அதற்கும் கீழே, அல்லது 21க்கு மேலே நின்றால், அநேகமான நவீன ட்ரான்ஸ்மிட்டர்களில் தனக்குள்ளேயே பிழை என்று கருவி அறிவிக்கிறது என்று பொருள்.

மீட்டரும் பிழையாக, ஆனால் 4க்கும் 20க்கும் நடுவில் காட்டினால் முதல் சந்தேகம் காற்றுக் குமிழி. தாங்கியிலிருந்து ட்ரான்ஸ்மிட்டருக்குப் போகும் மெல்லிய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியேற்றும் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழி வருவது நிற்கும் வரை தண்ணீரை விடுங்கள். கீழே துணி பிடியுங்கள், மின்முனைகளில் தண்ணீர் படக் கூடாது. அதன் பின்னும் சரியில்லையென்றால் சுழியம் விலகியிருக்கிறது, அளவுதிருத்தம் வேண்டும். அதைச் சரிபார்த்த கருவி உள்ளவரிடம் விடுங்கள். நாமாகவே திருகி அளவுகோலுக்குப் பொருத்திவிட்டால் அடுத்த குழுவுக்கு அது பொறியாகிவிடும்.

கொழும்புக்கென்றே ஒரு காரணம் உண்டு: கடற்காற்று. காலி வீதிப் பக்கத்துக் கட்டடங்களில் ஒரு வருடம் திறக்காத முனைப்பெட்டியைத் திறந்தால் செம்புக் கம்பியில் பச்சை பூத்திருக்கும். வெப்பநிலை அளக்கும் பிளாட்டினத் தடையில் இது நேரடியாகத் தெரியும். 0 பாகையில் 100 ஓம், 30 பாகையில் ஏறத்தாழ 111.7 ஓம். பாகைக்கு 0.385 ஓம் என்ற கணக்கில், இரு கம்பி இணைப்பில் துருவால் ஓர் ஓம் கூடினால் திரையில் சுமார் 2.6 பாகை அதிகமாகக் காட்டும். தண்ணீர் சுடவே இல்லை, திரை மட்டும் சுடும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கம்பி நுனியை வெட்டி, புதிதாய்ச் சீவி இறுக்குங்கள். சல்லிச் செலவில்லை.

## அறிகுறி: வெப்பநிலை தாண்டிப் போய், இறங்கவே மாட்டேன் என்கிறது

பல புத்தகங்கள் குளிர் நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே குழாய்த் தண்ணீர் 15 பாகையில் வரும், செட்பொயின்ட் 35 என்றால் நடுவில் நல்ல இடம் இருக்கும். இங்கே கூரைத் தாங்கியிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீரே 30 பாகையைத் தொடும். 35 கேட்டால் மிச்சம் ஐந்து பாகை. சூடாக்கியால் சூடாக்க மட்டும்தான் முடியும். தாண்டிப் போனால் கொன்ட்ரோலர் சுழியத்துக்கு இறங்கிக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே முதல் திருத்தம்: செட்பொயின்ட்டை 45, 50க்கு ஏற்றுங்கள். ஆய்வு வழிகாட்டித் தாளில் 35 என்று அச்சடித்திருந்தால் தாளைத் திருத்துங்கள். எங்கள் தாளைத் திருத்தவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதுவரை பிள்ளைகளின் அறிக்கைகளில் இருந்த வளைவுக்கு அவர்கள் பொறுப்பே இல்லை.

அடுத்தது தொகையீடு தேங்குதல். சூடாக்கி நூறில் முட்டி நின்ற நேரமெல்லாம் கொன்ட்ரோலர் பாக்கியைக் கூட்டிக்கொண்டேயிருக்கும். செட்பொயின்ட் வந்த பிறகும் அந்தப் பாக்கி தீரும் வரை சூடாக்கி அணையாது. மனுவலில் செட்பொயின்ட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்து பின்பு ஓட்டோவுக்கு மாற்றிப் பாருங்கள். தாண்டல் குறைந்தால் காரணம் அதுதான். கொன்ட்ரோலரில் தேக்கத் தடுப்பு அமைப்பு இருந்தால் இயக்குங்கள்.

மூன்றாவது, உணரி தன் குழிக்குள் பொருந்தாமல் தளர்ந்திருப்பது, அல்லது கலக்கி நின்றுபோயிருப்பது. இரண்டையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

வெளியீடு சுழியம் என்று காட்டியும் சூடாக்கி சுட்டுக்கொண்டேயிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சூடாக்கிக்கு மின்சாரத்தை விடும் ஆளி உள்ளே ஒட்டியிருக்கக்கூடும். பிரதான சுவிட்சை அணைத்து, பிள்ளைகளை விலக்கி, மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். 230 வோல்ற் பெட்டியைப் போதனாசிரியர் திறக்கக் கூடாது, எவ்வளவு தெரிந்திருந்தாலும். தண்ணீர் இல்லாமல் சூடாக்கி எரிந்த வாடை வந்தாலும் இதேதான்.

## அறிகுறி: கரண்ட் போய் வந்த பின் எல்லாம் மாறிக் கிடக்கிறது

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களில் இதை நன்றாகப் படித்தோம். சில கொன்ட்ரோலர்கள் மனுவலில் எழும்பும், சில பழைய செட்பொயின்ட்டோடு ஓட்டோவில் எழும்பும், உள் பற்றரி செத்தவை தொழிற்சாலை எண்களோடு எழும்பும். எல்லா அமைப்புகளையும் ஒரு தாளில் எழுதி பலகையின் உட்புறம் ஒட்டுங்கள். வால்வுகளை மூடிய பிறகு மட்டும் பம்ப்பைப் போடுங்கள்.

## அறிகுறி: லூப் நல்லது, பிள்ளை திணறுகிறார்

தாளில் லாப்லாஸ் உருமாற்றம் பிழையில்லாமல் வரும். தாங்கிக்கு முன்னால் கொண்டுவந்து, "இப்ப வெளியேறும் குழாயைக் கொஞ்சம் மூடினா வால்வு எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டால் தலை குனியும். இதையும் மலிவான காரணத்திலிருந்து தேடுங்கள்.

மொழி. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். விடை தெரியும், வாக்கியம் வராது. "தமிழிலயே சொல்லுங்கோ தம்பி" என்றால் பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். சொன்னதை அவர்களே ஆங்கிலத்தில் எழுதட்டும், பிறகு. முதலில் விளங்கியதா என்பது தெரிய வேண்டும். சிங்களத்தில் படித்து வந்த பிள்ளைகளுக்கும் இதே நிலைதான், அவர்களுக்கு அவர்களுடைய மொழியில் கேட்க ஒரு சக போதனாசிரியரைக் கூப்பிடுங்கள்.

ஒழுங்கு. சமன்பாடு முதலில், தாங்கி கடைசியில் என்று நாம் கற்பித்திருந்தால் பிழை நம்முடையது. திருத்தம் ஒரு மணித்தியாலம்: கொன்ட்ரோலரை அணைத்து, பிள்ளையையே கொன்ட்ரோலராக்குங்கள். ஒருவர் கைவால்வில், கண் அளவுகோலில். இன்னொருவர் அவருக்குத் தெரியாமல் வெளியேற்றத்தை மாற்றுவார். முதல் பத்து நிமிடம் மட்டம் தாறுமாறாக ஆடும். பிறகு கை தானாகவே பழகும்: தூரம் அதிகமென்றால் அதிகம் திருப்பு, நெருங்கினால் தளர்த்து, இன்னும் எட்டவில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போ. அதன் பிறகு பீ, ஐ என்று எழுதினால் அவர்களுடைய கை செய்ததற்குப் பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான்.

குழு. நான்கு பேரில் ஒருவர் மட்டும் விசைப்பலகையில், மூவர் பார்வையாளர். இடம் மாற்றுங்கள், 20 நிமிடத்துக்கு ஒரு தடவை.

கணித அடித்தளம். இதுதான் நேரம் விழுங்கும் காரணம். முதலாம் ஆண்டு வகையீட்டுச் சமன்பாடே இறுகாமல் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருப்பார். ஆய்வுகூடத்தில் அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் அந்தப் பிள்ளையின் அனுமதியோடு சொல்லுங்கள். மேலதிக வகுப்புக்கு ஒழுங்கு செய்ய அவரால்தான் முடியும்.

மூன்று வகுப்புக்குத் தொடர்ந்து வராமல் இருந்தாலோ, வந்தும் முகம் கறுத்து யாரோடும் கதைக்காமல் இருந்தாலோ, அது பாடத்தின் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு வாடகை கட்ட இரவில் ரியூசன் கொடுத்துவிட்டுக் காலையில் என் வகுப்பில் தூங்கிய தம்பி ஒருவர் இருந்தார். நான் ஒரு மாதம் அவருக்குத் தொகையீடு விளங்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியான இடத்தில் முதலில் தனியாக ஒரு தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், அன்றைக்கே மாணவர் ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.